பொன்பொட்டு என்று நாம் கும்பிட்ட கொழுப்பு

பந்தல்குடி வழியாகப் போகிற தூத்துக்குடி ரோட்டை நாலு வழிச் சாலையாக்க ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த வருசம் அது. ரேசன் கடையில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்ததும், நம் தெருவுக்கு அரசாங்கத்து டிவிப்பெட்டி வண்டியில் வந்து இறங்கியதும் அதை ஒட்டித்தான். உன் அக்காவின் தலைப்பிள்ளை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. நீ திருப்பூருக்குப் பஸ் ஏறி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதனால் அந்த வருசம் நான் செய்த காரியம் உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும், அவளும் போய்விட்டாள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை காலம் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ செல்போனில் முகத்தைக் காட்டிப் பேசினாயே, அதோடு அந்த நினைப்பு போய்விட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அக்கா மகேசுவரி எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் இருந்தால் மடித்தாவது வைப்பாய். அன்றைக்கு உன் பெண்டாட்டி போனை உன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "மாமா, இங்க பாருங்க, இவுகளுக்கும் பொன்பொட்டு வந்துருச்சு. பெரிய மாமாவுக்கு இருந்த மாதிரியே இருக்குல்ல" என்று சிரித்தாள். நீயும் சிரித்துக்கொண்டு கண்ணை மூடிக் காட்டினாய். மூக்கை ஒட்டி, கண் இமைக்கு மேலே, பச்சரிசி அளவுக்கு ஒரு மஞ்சள். நான் போனை உன் அக்கா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்க் காறித் துப்பினேன். அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு நாம்தானே அதற்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தோம்.

அந்த மஞ்சளை நம் வீட்டில் எப்படித் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். என் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் இருந்தது. திருச்சுழிக்குத் தெற்கே நம் குலசாமி கோயிலில் அம்மனே தன் கையால் வைத்த பொட்டு என்று சொன்னார்கள். பெண் பார்க்கப் போனால், "பொன்பொட்டுக்காரங்க வீடு" என்று சொல்லித்தான் போவார்கள். கிடா வெட்டினால் படையல் முடிந்ததும் முதல் கரண்டி பொட்டு உள்ளவர்களுக்கு. அதிலும் மற்றத் துண்டு இல்லை, ஈரலும் வெள்ளைக் கொழுப்பும். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. நாலு பேர் அண்ணன் தம்பிகளில் பெரியவர் சண்முகத்துக்குப் பொட்டு இருந்தது, அடுத்தவர் கருப்பையாவுக்கு இருந்தது, கடைசித் தம்பி முனியசாமிக்கும் இருந்தது. நடுவில் எனக்கு மட்டும் இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் நான் பொம்பளைப் பிள்ளைகளோடு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கண்ணாடியில் இமையைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். என் அப்பா நாற்பத்தைந்து வயதில், பருத்திக்காட்டில் குனிந்தவர் நிமிராமல் போனார். ஒரு நாள் படுக்கவில்லை, ஒரு வாய் கஞ்சி அடுத்தவர் ஊட்டவில்லை, பொட்டு உள்ளவனுக்குத்தான் இப்படிப்பட்ட சாவு வரும் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன். நாற்பத்தைந்து வயதுப் பிணத்தைப் பார்த்துக் கொடுத்து வைத்தவர் என்று பேசின வாய் இது.

இப்போது அந்த வருசத்துக்கு வருகிறேன். அருப்புக்கோட்டையில் நாங்கள் லோடு இறக்குகிற பருத்தி குடோனில், முதலாளி தன் அப்பா நினைவாக ஒரு இலவச ரத்தப் பரிசோதனை வைத்தார். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், ரத்தம் கொடுத்தால் ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. முந்தின நாள் நம் கோயிலில் கிடா வெட்டு. பொட்டுக்காரர் மூன்று பேரும் இரவு சாப்பிட்டது போதாமல், காலையில் மிச்சக் குழம்பைச் சுட வைத்து இட்லியோடு அடித்துவிட்டு வந்திருந்தார்கள். எனக்குக் கறி ஒத்துக்கொள்ளாமல் விடிய விடிய வயிற்றுப்போக்கு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடோன் வாசலில் பெரியண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏலே, நீதான் வெறும் வயிறு. எங்களுக்கும் சேத்து நீயே குடுத்துட்டு வந்துரு" என்றார். "அதெப்படிண்ணே, ஆளு மாறுமே" என்றேன். கருப்பையா அண்ணன், "என்னலே மாறுது? ஒரே அப்பனுக்குப் பொறந்த ரத்தந்தான. எடுக்குறவுகளுக்கு என்ன, சிவப்பா இருந்தாச் சரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். குடோனுக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை இடது கையிலும் இரண்டு தடவை வலது கையிலும் கொடுத்தேன். மூன்றாவது தடவை ஊசி போட்ட பெண், "ஐயா, நீங்க இப்பத்தான வந்துட்டுப் போனீக?" என்று கேட்டது. "அது எங்க அண்ணன்ம்மா" என்றேன். "அச்சுல வார்த்த மாதிரி இருக்கீக" என்று சொல்லி அது வேலையைப் பார்த்தது. நாலு தூக்குவாளி கிடைத்தது. எனக்கு மயக்கமாக வந்ததால் முனியசாமி ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தான்.

ஒரு வாரம் கழித்து நாலு காகிதம் வந்தது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். பொதியில் கறுப்பு மையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்து அடுக்கியவன். நாலு காகிதத்திலும் ஒரே வரிசையில் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார்கள். உள்ளே இருந்த எண்ணும் ஒன்றிரண்டு கூடக்குறைய ஒன்றேதான். கணக்கப்பிள்ளை படித்துவிட்டு, "என்னப்பா, நாலு பேருக்கும் ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கு. உடனே டாக்டரைப் பாருங்கன்னு போட்டுருக்கு" என்றார். அண்ணன்மார் முகத்தில் ஒரு நிமிசம் ஈயாடவில்லை. அப்புறம் கருப்பையா அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்களுக்கு எங்கிட்டு இருந்து வருது? பூராம் இவன் ரத்தம்ல" என்றார். பெரியண்ணன் என் தோளில் தட்டி, "அம்மன் எங்களைப் பொட்டு வச்சுக் காவந்து பண்ணுது, உன்னைய விட்டுருச்சுலே" என்றார். தங்கள் பெயர் போட்ட காகிதத்தை மூன்று பேரும் அங்கேயே கசக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அந்த மூன்று காகிதத்தில் இருந்தது பொய்தான். ஆனால் அவர்கள் தாங்களே ரத்தம் கொடுத்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும், அதற்கு மேலும் வந்திருக்கும். நான் கை நீட்டியதால் அந்த மூன்று பேருக்கும் பயம் இல்லாமல் போனது.

நான் பயந்தாங்கொள்ளி. அதனால் பிழைத்தேன். மறுநாளே யாருக்கும் சொல்லாமல் டவுனில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாராவது சின்ன வயசுல நெஞ்சு வலியில இறந்துருக்காங்களா?" என்று கேட்டார். "எங்க அப்பா நாப்பத்தஞ்சு வயசுல போயிட்டாரும்மா. நல்ல சாவு, ஒரு நாள் படுக்கல" என்றேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு வயசுல சாகுறதுல நல்ல சாவு என்னங்கய்யா இருக்கு?" என்றார். பிறகு என் இமையை இழுத்துப் பார்த்தார், குதிகால் நரம்பைத் தடவிப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது கண்ணோரம் மஞ்சளாகத் தடித்திருக்கிறதா என்று கேட்டார். மூன்று பேருக்கு இருக்கிறது, அது அம்மன் வைத்தது என்றேன். "அது கொழுப்புங்கய்யா. ரத்தத்துல கூடிப்போறது சில பேருக்குத் தோலுக்கு அடியில வந்து படியும். பொட்டு இருந்தாத்தான் கொழுப்பு இருக்கும்னும் இல்ல, பொட்டு இருக்கிறவுக எல்லாருக்கும் இருக்கும்னும் இல்ல. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். ஆனா உங்க வீட்டுக் கதையைக் கேட்டா இது அப்பா வழியா வர்றது மாதிரி இருக்கு. அண்ணன் தம்பிகளை நாளைக்கே கூட்டிட்டு வாங்க, பிள்ளைகளையும் பாக்கணும்" என்றார்.

இந்த இடத்தில்தான் என்னை நினைத்தே நான் துப்ப வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு வந்தது பயம் இல்லை ஐயா, சந்தோசம். இத்தனை வருசம் முதல் கரண்டி வாங்கித் தின்றவர்கள் கண்ணில் இருப்பது பொன் இல்லை என்று தெரிந்த சந்தோசம். மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போனேன். பத்துப் பேர் இருந்தார்கள். பெரியண்ணன் வடையைப் பிட்டு வாயில் வைக்கப் போனார். "அண்ணே, உங்க கண்ணுல இருக்கிறது பொன்னு இல்ல, ஆட்டுக்கொழுப்பு. டாக்டரே சொல்லிட்டாக" என்றேன். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வடையை இலையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாமியவே பழிச்சுச் சொல்லிட்ட. இனி என் வாசல் ஏறாத" என்று சொல்லிவிட்டு நடந்தார். நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்பதை நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, கையில் கிடைத்த நல்ல செய்தியைக் கல்லாக்கி எறிந்துவிட்டு வந்தேன். அவரும் ரோசக்காரர், நானும் ரோசக்காரன். ஏழெட்டு மாதம் பேச்சு இல்லை.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் திருச்சுழி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தவர் அப்படியே உட்கார்ந்து சாய்ந்தார். ஐம்பத்தெட்டு வயது. நீ ஊருக்கு வருவதற்குள் எடுத்துவிட்டோம். நீ பார்க்காததை நான் பார்த்தேன். வந்தவர் போனவர் எல்லாம் ஒரே பேச்சு. "மகராசன், நின்னமேனிக்குப் போயிட்டாரு." "அப்பனப் போலயே அழுங்காம குலுங்காம." பொம்பளையாட்கள் வரிசையாக வந்து அவர் இமையில் இருந்த அந்த மஞ்சளைத் தொட்டுத் தங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மதினி தன் பேரப்பிள்ளையைத் தூக்கி வந்து அதன் விரலைப் பிடித்துத் தொட வைத்தாள். குளிர்ந்துபோன உடம்பில் அந்த மஞ்சள் மட்டும் எண்ணெய் தடவினது மாதிரி மினுமினுத்தது. நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். என் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. சுடுகாட்டுக்குப் போகும் வரை அதைக் கையால் பொத்திக்கொண்டே நடந்தேன், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

கருப்பையா அண்ணனிடம் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "ஊசிக்கு எனக்குப் பயம் இல்லலே. பேப்பர்ல என்ன எழுதி வருமோன்னுதான் பயம். தெரியாம இருந்தா நிம்மதியா நாலு வாய் தின்னுட்டுப் போவேன்" என்றார். அப்படியே தின்றார். ஐந்தாம் வருசம் போனார். முனியசாமியை நான் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். என்னைவிடக் கூடுதலாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டான், மறுபடி பார்த்ததில் எண் நன்றாக இறங்கியிருந்தது. அந்தக் காகிதத்தைத் தெருவெல்லாம் காட்டினான். "சரியாப்போச்சுண்ணே. இனி எதுக்குக் கண்டதைத் தின்னுக்கிட்டு" என்றான். மாத்திரையால்தான் இறங்கியது, விட்டால் ஏறும், வருசம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். இவன் அந்த ஒரு காகிதத்தைப் பட்டயம் மாதிரி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தான். நாலு வருசம் அந்தப் பக்கம் போகவில்லை. குமாரலிங்கபுரம் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்தவன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனான். ஐம்பத்திரண்டு. அப்போதும் நாலு பேர் வந்து நல்ல சாவு என்றார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன். "எந்திரிச்சுப் போங்கய்யா வெளிய" என்றேன். துக்க வீட்டில் ஆட்களை விரட்டினேன் என்று நம் சனம் இன்றைக்கும் என்னைப் பேசுகிறது. பேசட்டும்.

"அப்பா, இதெல்லாம் எழுதணுமா, தம்பி பயந்துக்கிருவான்" என்று உன் அக்கா கேட்கிறாள். பயப்படத்தான் எழுதச் சொல்கிறேன். பயந்தவன் நான் எழுபது வயதில் கம்பில்லாமல் நடக்கிறேன். உன் அக்காவை அந்த வருசமே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன், அவளுக்கு இல்லை, இன்றுவரை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். உன்னை மட்டும் விட்டேன். வெளியூரில் இருக்கிறாய், ஒல்லியாக இருக்கிறாய், பொட்டும் இல்லை, என்னைப் போல வந்தவன் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். எனக்கும் பொட்டு இல்லையே, நானும் பொதி தூக்கின ஒல்லி உடம்புதானே, அதில்தானே சிவப்புச் சுழி விழுந்தது என்பதை வேண்டுமென்றே மறந்தேன். உன்னை ரத்தம் பார்க்க வைக்க வேண்டுமானால் அந்தத் தூக்குவாளிக் கதையைச் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைப் பணயம் வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதைவிடக் கேவலம் ஒரு தகப்பனுக்கு இல்லை.

அன்றைக்குப் போனில் நான் திரும்ப வந்து, "ரத்தம் பாத்தியா?" என்று கேட்டபோது நீ சொன்னதை வரிசையாகச் சொல்கிறேன். "எனக்கு ஒண்ணும் செய்யலப்பா." செய்யாது. அதுதான் அதன் கேடுகெட்ட குணம். காய்ச்சல் என்றால் சுடும், பல் என்றால் குத்தும், இது எதுவுமே செய்யாமல் உள்ளே படிந்துகொண்டிருக்கும். உன் பெரியப்பாவுக்குப் பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்த நிமிசம் வரைக்கும் ஒன்றும் செய்யவில்லை. "ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்பா கறி." நீ திங்காவிட்டாலும் நம் உடம்பு தானே உண்டாக்கும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாயைக் கட்டினால் நல்லது, ஆனால் வாயைக் கட்டியதால் பார்க்க வேண்டாம் என்று ஆகாது. "கம்பெனியில ஃப்ரீயா பாக்க வந்தாக, கட்டிங் வேலை கிடந்துச்சு, போகல." இதைக் கேட்டபோதுதான் எனக்கு உன் மேல் அருவருப்பே வந்தது. துணியை அடுக்கி வெட்டுகிறவன் நீ, ஒரு இழை பிசகினால் மொத்தமும் வீண் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன். உன் ரத்தத்துக்கு ஒரு காலைப்பொழுது இல்லையா.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் எதுவும் சாப்பிடாமல் போ. உன் பெயரைச் சொல்லி, உன் கையை நீட்டிக் கொடு. பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு போ, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சின்னதிலேயே பார்க்கணும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். காகிதம் எப்படி வந்தாலும் டாக்டரிடம் காட்டு. நன்றாக வந்தால் சந்தோசம், அதற்காக அடுத்த வருசம் விட்டுவிடாதே. மோசமாக வந்தால் மாத்திரையைச் சாப்பிடு, இறங்கினாலும் உன் இஷ்டத்துக்கு நிறுத்தாதே, அவர்கள் சொல்கிற கணக்குக்கு மறுபடி மறுபடி போய்ப் பார். அந்த மஞ்சளை அழகுக்காகச் சுரண்டி எடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்றும் இருந்துவிடாதே. அடுத்த கிடா வெட்டுக்கு நீ வரும்போது முதல் கரண்டியை உன் இலையில் போட எவனாவது வந்தால், அந்தக் கரண்டியை நானே தட்டிவிடுவேன். சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும்.

நேற்று வாசலில் உட்கார்ந்து, நான் கண்ணால் பார்த்த பொட்டுக்காரர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். என் அப்பா வெள்ளைச்சாமி, நாற்பத்தைந்தில் போனார். அவர் தம்பி ராமையா, ஐம்பதைத் தொடவில்லை. சண்முகம் பெரியப்பா, கருப்பையா பெரியப்பா, முனியசாமி சித்தப்பா. ராமையா மகன் அழகர், அவனைப் போன ஆடியில் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்தோம். கண்ணில் அந்த மஞ்சளோடு நம் வம்சத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள், என் மகன் செல்வராசு.